ஊக்கமும் ஓய்வும்

எடுத்த காரியம் முடியுமுன் ஊக்கம் வற்றிவிடுவது மனித இயல்பு. அப்போது தம்மையே சோம்பேறி என்று கடிந்துகொள்வோர் பலர். அது நியாயமன்று என்பதற்குச் சுண்ணாம்புக்குளத்தை ஒட்டிய பழவேற்காட்டு ஏரியைச் சான்றாகக் காட்டுவேன்.

இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெருமை அதனுடையது. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீர் தருகின்றன. கடல், முகத்துவாரத்தின் வழியே உப்புநீரையும் இறாற்குஞ்சுகளையும் தருகின்றது. மணல் மேடிட்டு அவ்வழி அடைபட்டால், கோடையில் நீர் வற்றி உவர்ப்பு மிகும், மீன்வளம் குன்றும். பருவமழை வெள்ளம் மணலை அறுத்தால், அல்லது மீனவர் கூடி வெட்டிவிட்டால், ஏரி மீண்டும் உயிர்பெறும். வாடிய ஏரியை வைவார் உண்டோ? வழி திறப்பதன்றோ செய்யத்தக்கது!

இவ்வேரி மீனவரிடையே 'பாடு' என்னும் மரபு உண்டு. வளமான இடங்களில் வலையிடும் உரிமையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். தம் முறையன்று உழைப்பர். பிறர் முறையன்று அவ்விடம் விட்டு விலகுவர். பூசலின்றிப் பிழைக்க ஏற்பட்ட ஏற்பாடே அது. எனினும், விலகும் நாளும் திரும்பும் நாளும் முன்னரே தெரிந்திருப்பது அதன் சிறப்பு.

மனம் தளரும்போது நானும் அவ்வாறே செய்கிறேன். வேலையை மூடிவைத்து, உறங்குகிறேன், நண்பரோடு அளவளாவுகிறேன். ஆனால் திரும்பும் வேளையை முதலிலேயே குறித்துவிடுகிறேன். எல்லை குறியாத ஓய்வே சோம்பலாக மாறுகின்றது. எல்லை குறித்த ஓய்வு அடுத்த நாள் உழைப்புக்கு முதலாகின்றது.