அடுப்படிக்கு வரும் அயல்நாட்டுச் சரக்கு

பாத்திரக்கடையில் ஒரே அலமாரியில் இருக்கும் பொருள்கள் சுங்கக் கணக்கில் தனித்தனி வீடுகளில் வாழ்கின்றன. போர்சலின் தட்டும் கிண்ணமும் 6911 என்ற எண்ணின் கீழ் வரும், மற்ற பீங்கான், சுடுமண் பாண்டங்கள் 6912, கண்ணாடிக் குவளை 7013, எவர்சில்வர் உள்ளிட்ட எஃகுப் பாத்திரங்கள் 7323, அலுமினியம் 7615, பிளாஸ்டிக்கும் மெலமைனும் 3924, பிளாஸ்க் 9617. எந்த எண்ணுக்கு எவ்வளவு வரி என்பதே எந்தச் சரக்கு கப்பலேறும், எது துறைமுகத்திலேயே தங்கிவிடும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. இந்தியச் சந்தையில் 2017-க்குப் பின் நடந்தவை இதற்குத் தெளிவான சான்று.

அயல்நாட்டு உண்கலம் தமிழ் மண்ணுக்குப் புதிதில்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இத்தாலியின் அரெஸ்ஸோ மரபைச் சேர்ந்த செந்நிற மேசைப் பாண்டங்களின் ஓடுகள் கிடைத்தன. செட்டிநாட்டு வீடுகளின் எனாமல் பாத்திரங்களும் கடல் கடந்து வந்தவையே. அன்று வந்தவை வசதியுள்ள வீடுகளோடு நின்றன. இன்று வருபவை தெருவோரக் கடையில் குவிந்து கிடக்கின்றன. கூலிவேலை செய்பவர் வீட்டுக்கும் போகின்றன.

இந்த மாற்றத்துக்குப் பெருங்காரணம் சீனா. குவாங்டாங் மாநிலத்தின் சாவ்சோ, ஹூனானின் லிலிங், ஃபூஜியானின் தேஹுவா, ஜியாங்ஸியின் ஜிங்தேஜென் ஆகிய ஊர்கள் பீங்கானுக்கென்றே வளர்ந்தவை. மண் அரைப்பது, அச்சு வார்ப்பது, மெருகுப்பூச்சு, பூவேலை ஒட்டுப்படம், அட்டைப்பெட்டி என எல்லாம் அக்கம்பக்கத்திலேயே முடிந்துவிடும். உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவிலும் கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே வெள்ளைப் பாண்டத்துக்கு வேண்டிய களிமண் வெளிமாநிலங்களிலிருந்து லாரியில் வர வேண்டும். சூளை எரிபொருள் செலவும் சேரும்போது, திறமை சமமாக இருந்தும் விலை சமமாவதில்லை.

உள்நாட்டு உற்பத்தியாளர்கள் முறையிட்டதன் பேரில், சீனப் பீங்கான் உண்கலங்களுக்கும் சமையல் கலங்களுக்கும் 2017 ஜூனில் இடைக்காலமாகப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் அது கிலோவுக்கு 1.04 டாலர் என்று ஐந்தாண்டுகளுக்கு உறுதியானது. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஏறத்தாழ 67 ரூபாய்.

சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. இந்த வரி விலையின் மேல் விழவில்லை, எடையின் மேல் விழுந்தது. தடித்த காப்பி மக் மூன்று சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ வரும். அப்படியானால் மக் ஒன்றுக்கு 22 ரூபாய். 150 கிராம் எடையுள்ள மெல்லிய போன் சைனா கோப்பைக்குப் பத்து ரூபாய்தான். மலிவான, கனமான சரக்குக்கு அடி பலம்; விலையுயர்ந்த, இலேசான சரக்குக்கு ஒரு தட்டு மட்டும். குர்ஜாவின் சிறு சூளைகளோடு நேருக்கு நேர் மோதியது அந்த மலிவுச் சரக்கே என்பதால், எடைவழி வரி இங்கே பொருத்தமான கருவிதான்.

2020 பட்ஜெட்டில் பீங்கான், மண், எஃகு, செம்புச் சமையலறைப் பொருள்களுக்கான அடிப்படைச் சுங்கவரி 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக உயர்ந்தது. இது சீனச் சரக்குக்கு மட்டுமானதில்லை. 2025 மார்ச்சில் சீன வெற்றிடக் குடுவைகளின் முறை வந்தது: டன்னுக்கு 1,732 டாலர் பொருள் குவிப்புத் தடுப்பு வரி.

வரி ஒரு கதவை அடைத்தால் வணிகம் அடுத்த கதவைத் தட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் சீனப் பீங்கானுக்கு நிறுவனவாரியாக 13.1 முதல் 36.1 விழுக்காடு வரை வரி போட்டது. உயர்ந்த வரிக்கு உட்பட்ட ஆலைகள் பல, குறைந்த வரி பெற்ற நிறுவனங்களின் பெயரில் சரக்கை அனுப்பின. 2019-இல் அது விசாரணையில் வெளிப்பட்டு, அந்த நிறுவனங்களின் சலுகை பறிக்கப்பட்டது. ஊர்ப்பெயரும் ஆலைப்பெயரும் மாறுவது ஒரு வழி. பொருளே மாறுவது இன்னொன்று. பீங்கான் தட்டின் இடத்தில் ஓபல் கண்ணாடியும் மெலமைனும் வந்து உட்காரும். ஆகவே 6911-இன் இறக்குமதி குறைந்ததைப் பார்த்து மகிழ்வதற்கு முன், 7013-ஐயும் 3924-ஐயும் புரட்டிப் பார்ப்பதே ஒழுங்கான கணக்கு.

விலையை விடப் பெரியது உடல்நலம். பாத்திரம் என்பது சோறும் புளிக்குழம்பும் படும் பரப்பு. பீங்கான் மெருகில் காரீயமும் காட்மியமும் இருந்தால் புளிப்பு அவற்றைக் கரைக்கும். ஐரோப்பிய விதிகள் 1984-இலேயே குழிவான கலங்களுக்குக் காரீயக் கசிவு லிட்டருக்கு 4 மில்லிகிராம், காட்மியக் கசிவு 0.3 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தன. 2011 ஜூலை முதல், சீனாவிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வரும் மெலமைன், நைலான் சமையற்பொருள்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆய்வுச் சான்றோடு வர வேண்டும் என்றும், அவற்றில் பத்தில் ஒன்றைச் சுங்கத்திலேயே சோதிக்க வேண்டும் என்றும் அங்கே ஏற்பாடானது.

எவர்சில்வரில் இந்தியா உலகுக்கு விற்கும் நாடு. இறக்குமதியைக் கண்டு அது அஞ்ச வேண்டியதில்லை. குறை வேறிடத்தில். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 ரகமும், நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய 200 வரிசை ரகமும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். காந்தம் வைத்துப் பார்ப்பவரும் ஏமாறுவார். பொதுவாக இரண்டிலும் அது ஒட்டாது. 2024 மார்ச் 14-இல் பிறந்த ஆணை எஃகு, அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டு ஆலையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் உரிமம் பெற்றே தீர வேண்டும். இது வரியை விட நேர்மையான வேலி, ஏனெனில் உள்ளூர்ச் சரக்குக்கும் வெளியூர்ச் சரக்குக்கும் ஒரே உரைகல்.

ஆனால் அந்த உரைகல்லுக்கு விலை உண்டு. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் தலைமுறைகளாகப் பாத்திரம் செய்து மெருகிடும் பட்டறைகள் இருக்கின்றன. உலோகக் கலவையை அளக்கும் கருவியும் அதை இயக்கும் ஆளும் அத்தகைய சிறு பட்டறைக்குக் கட்டுபடியாகாது. பெரிய இறக்குமதியாளருக்கு அது பில்லில் ஒரு வரி. பாத்திரத் தொழில் செறிந்த ஒவ்வோர் ஊரிலும் அரசு ஒரு பொது ஆய்வுக்கூடம் நிறுவி, குறைந்த கட்டணத்தில் தகடு வாங்கும்போதே ரகத்தைச் சோதித்துக் கொடுத்தால், முத்திரை ஆணை சிறு பட்டறைகளை மூடாமலே தரத்தைக் காக்கும்.