விசைப்படகில் கழிப்பறை

காசிமேட்டிலிருந்து தங்கு கடலுக்குப் போகும் விசைப்படகு கரை திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். டீசல், ஐஸ், அரிசி, குடிதண்ணீர் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். படகில் இருக்கும் எட்டுப் பேர் இத்தனை நாள் எங்கே ஒதுங்குவது என்கிற கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. படகின் பின்பக்கம் போய், கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு விளிம்பில் குந்த வேண்டியதுதான். நடுராத்திரியில் ஒரு அலை தூக்கிப்போட்டுக் கை நழுவினால், இன்ஜின் சத்தத்தில் கூப்பிட்ட குரல் யார் காதிலும் விழாது. லைஃப் ஜாக்கெட்டுக்குச் செலவழிக்கிறவர் கழிப்பறைக்கும் செலவழிக்கத்தான் வேண்டும்.

சரி, எதை வைப்பது? சேரும் கழிவை எங்கே கொண்டுபோய்க் காலி செய்வோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கையில் தூக்கிப்போகும் பெட்டிக் கழிப்பறை ஒன்று உண்டு. மேலே தண்ணீர், கீழே 20 லிட்டர் அளவில் கழிவுத் தொட்டி. இரண்டு பேர் உல்லாசமாகப் போய்வரச் சரி. எட்டுப் பேர் கால் கழுவும் தண்ணீரும் சேர்ந்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும்.

அடுத்தது, கடல்நீரைப் பம்பால் இழுத்துத் தொட்டிக்குத் தள்ளும் வகை. ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்று வைத்தாலே, எட்டுப் பேருக்குப் பத்து நாளில் 800 லிட்டர். அவ்வளவு எடை ஏறினால் அந்த அளவுக்கு ஐஸோ மீனோ குறையும். பாதி நிரம்பிய தொட்டியில் கழிவு அலைபாய்ந்தால் படகும் சேர்ந்து ஆடும். அதனால் உள்ளே தடுப்புப் பலகை வேண்டும், தொட்டி படகின் நடுவில் தாழ்வாக இருக்க வேண்டும். கழிப்பறைப் பீங்கான் கடல்மட்டத்துக்குக் கீழே இருந்தால், குழாயை மட்டத்துக்கு மேலே வளைத்துக் கொண்டுவந்து, அந்த வளைவின் உச்சியில் காற்று வால்வு பொருத்துங்கள். இல்லாவிட்டால் கடல் தானாகவே உள்ளே இறங்கிப் படகை மூழ்கடிக்கலாம். நாற்றம் தொட்டியிலிருந்து வருகிறதா, குழாயிலிருந்து வருகிறதா என்று தெரியவில்லையா? வெந்நீரில் நனைத்த துணியால் குழாயைத் துடைத்து, அதை முகர்ந்து பாருங்கள். துணி நாறினால் குழாயை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ரயில் பெட்டிகளில் இருக்கும் பயோ-டாய்லெட் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ, பனிமலையில் இருக்கும் ராணுவ வீரர்களுக்காக உருவாக்கியது. அதில் கழிவைத் தின்பது பாக்டீரியா. வாரி ஊற்றும் பினாயிலும் ஆசிட்டும் அதைக் கொன்றுவிடும். படகைக் கழுவுகிற நம் பழக்கத்துக்கு இது சரிப்பட்டு வருமா என்று யோசியுங்கள்.

திருச்சி மாவட்டம் முசிறியில் உள்ள எக்கோசான் கழிப்பறையில் மலத்துக்கு ஒரு வழி, சிறுநீருக்கு ஒரு வழி, கழுவும் தண்ணீருக்கு ஒரு வழி. தண்ணீர் படாத மலத்தின் மேல் சாம்பலோ மரத்தூளோ தூவினால் நாற்றம் அடங்கும். ஆளுக்கு நாளைக்குக் கால் கிலோ என்றால், எட்டுப் பேருக்குப் பத்து நாளில் 20 கிலோ. மரத்தூளோடு சேர்த்து மூடியுள்ள இரண்டு டிரம்மில் அடங்கிவிடும். எடையும் இடமும் மிச்சமாகிற இந்த வகையைத்தான் நம் படகுகளுக்கு நான் சொல்லுவேன்.

கடலில்தானே கொட்டுகிறோம், அதில் என்ன என்று கேட்கலாம். மார்போல் உடன்படிக்கையில் பெரிய கப்பல்களுக்கான விதி, சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால்தான் விடலாம் என்கிறது. அதுவும் கப்பல் மணிக்கு 4 கடல் மைல் வேகத்துக்குக் குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும்போது. நம் படகுகள் அந்த விதிக்குள் வராது. ஆனாலும் அலைத்தடுப்புச் சுவருக்குள் அடைபட்ட துறைமுகத் தண்ணீரில் எதையும் விடாமலிருக்க யாரும் சட்டம் காட்ட வேண்டியதில்லை.

ஆக, டிரம்மைக் கரையில் வாங்கிக்கொள்ள இடம் வேண்டும். ஓராண்டுக்கு மேல் மூடிவைத்து மட்கவிட்டால்தான் அதைத் தொட முடியும். தொட்டி வைத்த படகுக்குக் கழிவுநீர் லாரி ஜெட்டிக்கு அருகில் வர வேண்டும். இந்த ஏற்பாட்டைத் தனி ஆள் செய்ய முடியாது. சங்கங்கள் சேர்ந்து மீன்வளத் துறையிடம் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு பழுதுபார்க்கக் கரையேறும் அந்த நாட்களில் தச்சரிடம் இன்ஜின் மேடையைப் பற்றிப் பேசும்போதே இதையும் பேசி முடியுங்கள். மீன்வளத் துறைக்கான மனு மட்டும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கட்டும்.