கல்மரமும் மல்லாட்டையும்



கத்திரி வெயில் முடியப் போகிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதற்குள் பிள்ளைகளை எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டுமே என்ற பேச்சு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கும். ஊட்டிக்குப் போக முடியவில்லையே என்று வருந்த வேண்டாம். மயிலம் வழியாகத் திருவக்கரைக்குப் போய் வாருங்கள்.

வக்கிரகாளியம்மனைக் கும்பிடப் பௌர்ணமிதோறும் அங்கே பெருங்கூட்டம் வருகிறது. கும்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடாமல், அருகிலிருக்கும் தேசியக் கல்மரப் பூங்காவுக்குள் நுழையுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது. தரையில் சாய்ந்து கிடக்கும் அடிமரங்களைத் தொட்டுப் பார்த்தால்தான் கல் என்று தெரியும். வயது சுமார் 2 கோடி ஆண்டு. மணலுக்கடியில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல ஊறி, மரச்சத்து இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. அதனால்தான் மரத்தின் வரியும் கணுவும் அப்படியே தெரிகின்றன. கிளையும் வேரும் மட்டும் காணோம். ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். யோசிக்கட்டும். எங்கோ வளர்ந்த மரங்களைப் பழங்கால ஆற்று வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து இங்கே போட்டது என்பதே புவியியலாளர்கள் சொல்லும் காரணம். வக்கிராசுரனின் எலும்புகள்தாம் இவை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் பிள்ளைகள் கேட்கட்டும். ஒன்று மட்டும்: ஒரு சில்லைக்கூட எடுத்து வரக் கூடாது.

கல்லான காட்டைப் பார்த்த பிறகு உயிருள்ள காட்டையும் பார்க்க வேண்டும். திருவக்கரை இருக்கும் அதே வானூர்ப் பக்கத்தில், 2000இல் தொடங்கிய ஆரோவில் தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையோரத்தை மூடியிருந்து, இன்று கோயில் காடுகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கருங்காலி, காயா போன்ற மரங்களை அங்கே நட்டு வளர்க்கிறார்கள்.

இனி என் ஆசை ஒன்றைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2018இல் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நம் திண்டிவனத்திலேயே இருக்கிறது. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற மல்லாட்டை (நிலக்கடலை) ரகம் இந்த ஊரின் பெயரைச் சுமந்துகொண்டு ஆந்திராவுக்கும் கர்நாடகாவுக்கும் போய்ப் பல பத்தாண்டுகள் விளைந்தது. இந்தப் பெருமை நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆண்டுக்கு ஒரு நாள், விடுமுறை முடிவதற்குள், அந்த ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடலாம். பூ மேலே பூக்க, அதிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிப்பதை ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினால் போதும், எந்தப் பிள்ளையும் அதை மறக்காது. எள்ளின் ரகங்களைத் தட்டுகளில் பரப்பி வைக்கலாம். நம் ஊர்களில் மல்லாட்டை போட்டுத் தேர்ந்த விவசாயிகளையே அழைத்துப் பிள்ளைகளோடு பேச வைக்கலாம். விதையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை அவர்களைவிட யார் நன்றாகச் சொல்லிவிட முடியும்? பெற்றோர் சங்கங்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். அடுத்த கோடைக்கு இன்னும் நாள் இருக்கிறது.