நவம்பர் மாத உத்தியோகம்
(நாக்பூரில் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

'ஓய்வுக்குப் பின் பொழுதைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. பத்து நிமிஷம்தான் என்று காரியதரிசி சொல்லிவிட்டார். சாம்பார் வாசனையும் வருகிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி. மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டு, 2010-ல் அறுபது வயதில் ரிடையர் ஆனேன். முதல் வருஷம் நான் எடுத்துக்கொண்ட காரியங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் ஆய்வுக்கூட பாட்டில் மாதிரி லேபிள் ஒட்டினேன். பெயர், வாங்கிய தேதி, எடை எல்லாம் எழுதி. மறுநாளே என் மனைவி வெந்தய டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, "வெந்தயம் எது, கடுகு எதுன்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரிஞ்சுண்டுதான் இருக்கு" என்றாள். மொட்டை மாடியில் மழைமானி வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கக் கணக்கு எழுதினேன். அந்த நோட்டை இதுவரை யாரும் கேட்கவில்லை.

2015 நவம்பரில் எதிர்வீட்டு மாமி வந்தார். அப்போது அவருக்கு வயது 78. கணவர் சர்க்காரில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். மாமிக்குக் குடும்ப ஓய்வூதியம். "மெஷின் என் கையை ஒத்துக்க மாட்டேங்கறது, நான் உயிரோட இல்லைங்கறதோ என்னமோ" என்றார். மூன்று தடவை போய்த் திரும்பியிருக்கிறார்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷா வருஷம் நவம்பரில் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்று அதையே ஆதார் மூலம் கொடுக்கும் முறை வந்தது. விரல் ரேகையை வைத்தால் போதும். ஆனால் வயதானால் தோல் வறண்டு, ரேகையின் மேடுகள் தாழ்ந்துவிடுகின்றன. அறுபது வருஷம் பாத்திரம் தேய்த்த கை என்றால் கேட்கவே வேண்டாம். ரேகை எங்கேயும் போய்விடவில்லை, கருவியால் அதைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஈரத்துணியால் விரலைத் துடைத்து, சற்று ஆறவிட்டு வைத்துப் பார்த்தோம். கட்டைவிரல் வரவில்லை, மோதிரவிரல் வந்துவிட்டது. மாமிக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த மாமி இன்னும் நாலு பேரை அழைத்து வந்தார். இப்போது வருஷத்துக்கு நாற்பது, ஐம்பது பேர் வருகிறார்கள். 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி வந்தபிறகு, படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு நானே போனோடு போகிறேன். கண்ணைச் சிமிட்டச் சொன்னால் சிலர் சிரித்துவிடுவார்கள். இன்னொரு தடவை எடுக்க வேண்டியதுதான்.

அனுப்பியாயிற்று என்று போனில் வந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. கணக்கு எண்ணோ பி.பி.ஓ. எண்ணோ ஒரு இலக்கம் தவறினாலும் பாங்கு நிராகரித்துவிடும். பார்க்காமல் விட்டால் டிசம்பரில் பணம் வராதபோதுதான் தெரியும். தன் பென்ஷனும் கணவரின் குடும்ப ஓய்வூதியமும் சேர்த்து வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் தனித்தனியே கொடுக்க வேண்டும். இதில் தடுக்கி விழுந்த டீச்சர் மாமிகள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத விஷயம்.

எண்பது வயது நிறைந்தால் அடிப்படைப் பென்ஷனில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறு வயதானால் முழுசாக இன்னொரு பென்ஷன். ஆறாவது சம்பளக் கமிஷனிலிருந்து, அதாவது 1-1-2006 முதல், இது குடும்ப ஓய்வூதியத்துக்கும் உண்டு. எதிர்வீட்டு மாமிக்கு 2017 ஆகஸ்டில் எண்பது நிறைந்தது. பணம் கூடவில்லை. அந்த வருஷத்திலிருந்து நாலு நவம்பர் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சான்று அனுப்பியிருக்கிறேன். அவர் வயது எனக்குத் தெரியும், சட்டமும் தெரியும். ஆனால் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. 2021-ல்தான், வேறு ஏதோ எண்ணைத் தேடும்போது, அவருடைய பி.பி.ஓ.வில் மனைவியின் பெயர் மட்டும் இருந்து பிறந்த தேதிக் கட்டம் காலியாக இருந்ததைக் கவனித்தேன். தேதி இல்லையென்றால் பாங்குக்கு அவர் வயது தெரிய வழியில்லை.

பாங்கில் கேட்டால் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள், அலுவலகத்தில் பாங்குக்கே போகச் சொன்னார்கள். பிள்ளை எடுத்துக் கொடுத்திருந்த பான் அட்டையின் நகலை இணைத்து, பழைய அலுவலகத்துக்கு மனு எழுதினேன். "பிறந்த தேதிக்கான ஆதாரம் போதாது, திருப்பப்படுகிறது" என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தைப் படித்ததும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஏனென்றால் அதே வாக்கியத்தை நான் என் சர்வீசில் எத்தனையோ ஃபைல்களில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அந்தக் காகிதம் போய்ச் சேர்கிற வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள்கூட நினைத்ததில்லை.

பான் அட்டை ஏற்கத்தக்கது என்ற உத்தரவின் நகலை இணைத்து மறுபடி எழுதினேன். அலுவலகத்திலிருந்து சம்பளக் கணக்கு அலுவலகம், அங்கிருந்து டில்லியில் மத்திய பென்ஷன் கணக்கு அலுவலகம், பிறகு பாங்கு என்று அது நகர்ந்து முடிய ஆறு மாசம். 2022 மே மாசத்தோடு சேர்த்து 58 மாச பாக்கி வந்தது. அவர் அடிப்படை 9,000 ரூபாய். அதில் 20 சதவீதம் மாசம் 1,800. அகவிலைப்படி சேர்ந்து 1,21,000 சொச்சம்.

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிட்டு மாமி நன்றியெல்லாம் சொல்லவில்லை. "இத்தனை நாளா இது யார்கிட்ட இருந்தது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த நவம்பரில் காதில் மெஷினோடு வந்தார். நான் வழக்கம்போல உரக்கப் பேச, "மெதுவா சொல்லுங்கோ, காது வலிக்கறது" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ரிஜிஸ்டர் போட்டிருக்கிறேன். பெயர், பி.பி.ஓ. எண், பிறந்த தேதி பதிவாகியிருக்கிறதா, எண்பது எப்போது, பாங்கு ஏற்றுக்கொண்டதா என்று ஐந்து பத்திகள். மழைமானி நோட்டின் மீதிப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். அந்தக் காலியான கட்டம் இதுவரை இன்னும் ஏழு பேரிடம் அகப்பட்டது. மூன்று பேருக்குப் பணம் வந்தது. இரண்டு கேஸ் நடக்கிறது. ஒருவருக்கு இன்னும் எண்பது ஆகவில்லை, தேதியை மட்டும் பதிய வைத்தோம். இன்னொருவர் உத்தரவு வருவதற்குள் காலமாகிவிட்டார்.

எண்பது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம். அதனால் எனக்கு நவம்பர் உத்தியோகம் இப்போது இரண்டு மாசமாகிவிட்டது. கூட இரண்டு பேர் வேண்டும். மராத்தி பேசத் தெரிந்தால் நல்லது, மாடி ஏற முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

பி.பி.ஓ. நகல் கொண்டுவரச் சொல்லி அழைப்பிதழிலேயே போட்டிருந்தோம். கொண்டுவந்தவர்கள், குறிப்பாக மாமிகள், பிறந்த தேதிக் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் சாப்பிட்டானதும் அந்த ஜன்னலோர மேஜைக்கு வாருங்கள். பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன்.