ஏலச்செடிக்கு நிழல் உண்டு, ஏலத் தொழிலாளிக்கு?

(போடிநாயக்கனூர் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நிழல் விஷயத்தில் உங்களுக்குத் தெரிந்தது எந்த இஞ்சினியருக்கும் தெரியாது. ஏலச்செடி நேர் வெயிலைத் தாங்காது. அதனால்தான் பலாவையும் அகிலையும் மேலே குடையாக விட்டு, கீழே செடியை வளர்க்கிறார்கள். கடுங்கோடையில் ஒரு கொப்பைத் தொட விடமாட்டார்கள். கோடை மழை விழுந்த பிறகு, பெருமழை பிடிக்கும் முன்பு, ஆள் ஏறி அளவறிந்து கவாத்து செய்வார். பாதி வெளிச்சம் இறங்க வேண்டும், பாதி நிழல் நிற்க வேண்டும். அதற்குக் கூலி உண்டு, மேற்பார்வை உண்டு. ஏன்? செடி வாடினால் லாபம் வாடும்.

2024 கோடையில் அதையும் பார்த்தோம். உலகம் முழுவதும் கணக்கெடுத்ததில் அதுவே மிகச் சூடான வருஷம். இடுக்கி மலையில் மழை பொய்த்து ஏலத் தோட்டங்கள் கருகின. காய் இல்லாத தோட்டத்தில் நமக்கு வேலை ஏது?

மலையை விட்டு இறங்கி ஊருக்குள் வருவோம். போடி, மழை மறைவில் கிடக்கும் ஊர். இங்கே நிழல் யாருக்கு வேண்டும்? காய் தரம் பிரித்துவிட்டு மத்தியானம் பஸ்ஸுக்கு நிற்கும் பெண்ணுக்கு வேண்டும். மூட்டை தூக்குகிறவருக்கு வேண்டும். இரவு ஷிப்டு முடித்துத் தகரக் கூரையின் கீழ் பகலில் கண்ணயரப் பார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கு வேண்டும். வசதிக்காரர் வீட்டில் குளிர்சாதன இயந்திரம் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து நம் தெருவில்தான் தள்ளுகிறது!

ஒரு வேம்பு வெயிலை மறிப்பதோடு நிற்பதில்லை. வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக விடும்போது சுற்றிலும் சூடு இறங்குகிறது. அடிமரம் வரை சிமெண்டு பூசிவிட்டால் வேருக்கு நீர் எப்படிப் போகும்? டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவு போட்டது. டில்லி மரத்துக்கு மூச்சு வேண்டும், நம் தெரு மரத்துக்கு வேண்டாமா?

மின்கம்பியில் உரசும் கிளையை வெட்டத்தான் வேண்டும். லயன்மேன் தோழரை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பங்குனி வெயிலில் மரத்தை மொட்டையடிப்பதும், ஒரு பக்கமே கழித்துச் சாய விடுவதும் எந்தத் தோட்டத்தில் நடக்கும்? கங்காணி அன்றைக்கே ஆளை இறக்கிவிடுவார்.

கன்று நடும் விழாக்களுக்குக் குறைவில்லை. மாலை, மேளம், போட்டோ. அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் குழி இருக்கும், கன்று இராது. இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வேண்டியதுதான். சாகாமல் காக்கும் மரத்துக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி எழுதட்டும்.

கொலம்பியா நாட்டில் மெடயின் என்ற மலை நகரம் 2016 முதல் சாலையோரங்களிலும் ஓடைக் கரைகளிலும் 30 பசுமைத் தடங்கள் அமைத்தது. ஏழைப் பேட்டைகளிலிருந்து ஆள் எடுத்து, தோட்ட வேலை கற்றுக்கொடுத்து, அதே வேலையில் வைத்தது. சுமார் 2 டிகிரி சூடு குறைந்தது என்கிறது அந்நகர நிர்வாகம்.

நமக்குக் கற்றுக்கொடுக்கவும் தேவையில்லை. மரமேறிக் கவாத்து செய்யத் தெரிந்தவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். மாசி முதல் வைகாசி வரை மலையில் காய் எடுப்பு ஓய்ந்து வேலை குறைகிறது. ஊரில் கன்றுக்குத் தண்ணீர் வேண்டியதும் அந்த மாதங்களில்தான். அப்போது முனிசிபாலிட்டி உங்களை முறையான கூலிக்கு எடுக்கட்டும் என்று கேட்போம்.

வார்டுக்கு ஒரு நோட்டு தருகிறோம். எந்தத் தெருவில் எத்தனை மரம், எதன் அடியில் சிமெண்டு, எந்த பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை என்று நடந்து பார்த்து எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர் பிள்ளையைக் கூட்டிப் போகலாம். அந்த நோட்டுகளோடு கவுன்சிலர்களைப் பார்க்கப் போவோம்.