கரண்ட் வருது, வோல்டேஜ் எங்கே?
(திருநாவலூர் விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



பொழுது சாய்ந்தால் டியூப் லைட் சிமிட்டுகிறது, மிக்சி முனகுகிறது. கழனியில் மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஏறவில்லை. காயில் கருகினால் கட்டிக் கொண்டுவருவதற்குள் பயிர் வாடிவிடுகிறது.

இந்தக் கரண்ட் சும்மா வந்ததல்ல. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகளில் மூன்று பேர் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 1990-இல்தான் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய கரண்ட் மோட்டாரைச் சுற்றவில்லை என்றால் என்ன பயன்?

புகார் கொடுத்தால் "உங்க வீட்டு வயரிங் சரியில்ல" என்று திருப்பி அனுப்புகிறார்கள். லைன் கடைசியில் இருக்கிற ஒரு பெரிய கூட்டுக்குடும்ப வீட்டுக்கும் இதே பதில்தான். சரி, அளந்தே பார்ப்போம் என்று வயர்மேனைக் கூட்டிக்கொண்டு போனோம். ராத்திரி 11 மணிக்கு 226 வோல்ட். சாயங்காலம் 7 மணிக்குக் கடைசி அறையில் 170, மீட்டர் பெட்டியில் 174. ஆக, வீட்டு வயர் தின்றது நாலே வோல்ட். மெயினை அணைத்துவிட்டு மீட்டர் பக்கம் அளந்தோம், 176. வீட்டு லோடே இல்லாதபோதும் ஏறவில்லை. அப்படியென்றால் குற்றம் வீட்டில் இல்லை, வெளியில்! விதிப்படி 230-க்கு 6 சதம் கூடலாம், குறையலாம். 216-க்குக் கீழே போகக் கூடாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் 5 எச்.பி. மோட்டார் பதினொன்று, பன்னிரண்டைத்தான் தாங்கும். அதில் இருபதை மாட்டினால்? கம்பி நீள நீளக் கடைசி ஆளுக்கு வோல்டேஜ் குறையும். ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ் குறைந்தாலே மோட்டாரின் இழுவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மோட்டார் ஆம்பியரை அதிகம் இழுக்கும், சூடாகும், கருகும்.

நம் தப்பையும் ஒத்துக்கொள்வோம். 5 எச்.பி. அனுமதியில் ஏழரை ஓட்டுகிறோம். மும்முனை வந்த நொடியில் ஆட்டோ ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கிறது. ஒவ்வொரு மோட்டாரும் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். ஆளுக்கு இரண்டு நிமிடம் தள்ளி ஓட்டுவோம். கெப்பாசிட்டர் கெட்டுப் போயிருந்தால் மாற்றுவோம்.

ஒரு எச்சரிக்கை: ஒரு வீட்டில் பல்பு மங்கி, பக்கத்து வீட்டில் பளிச்சென்று எரிந்தால் அது நியூட்ரல் கோளாறு. டிவி, பிரிட்ஜ் எல்லாம் போய்விடும். மெயினை அணைத்துவிட்டு உடனே தகவல் கொடுங்கள். கம்பத்தில் யாரும் ஏறக் கூடாது.

இனி வாயால் சொல்வதோடு நிற்கக் கூடாது. பத்து நாள், காலையும் மாலையும், தேதி, மணி, வோல்ட் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். டிரான்ஸ்பார்மருக்கு ஒரு நோட்டு. எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுவோடு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவோம். தட்டிக் கழித்தால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கேயும் நோட்டுதான் நம் சாட்சி.

நம் கோரிக்கை இரண்டே:

1. லோடு மிஞ்சிய இடங்களில் கூடுதல் டிரான்ஸ்பார்மர் வை!
2. தேய்ந்த கம்பியை மாற்று!

கேட்பது பிச்சை அல்ல, உரிமை! நோட்டோடு வாருங்கள், ஒன்றாகப் போவோம்!