என்.ஆர்.ஐ. கோட்டாவும் நாமும்



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், அமெரிக்காவில் இந்தச் சங்கத்தில் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு ஊரிலிருந்து போன் வரும். அக்கா பேசுவார், இல்லையென்றால் சித்தப்பா பேசுவார். “தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் போடலாமா, ஏஐ போடலாமா? அங்க எதுக்கு வேலை இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்.” நீங்களும் தெரிந்ததைச் சொல்வீர்கள். அமெரிக்காவில் இருக்கிறவர் சொன்னார் என்று அந்தப் பதில் தெருவில் இன்னும் நாலு வீட்டுக்குப் போகும். தமிழ்நாட்டில் எந்தத் துறை நிரம்புகிறது, எது காலியாகக் கிடக்கிறது என்பதில் உங்கள் வாய்ச்சொல்லுக்கும் பங்கு உண்டு. அரசுக் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை கிண்டி போன்ற அரசுக் கல்லூரிகளும், கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராசர் போன்ற உதவி பெறும் கல்லூரிகளுமாகக் கொஞ்சம்தான் இருந்தன. பிறகு எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. இதைக் குறையாக மட்டும் சொல்ல எனக்கு மனம் வராது. கமுதியிலும் திருத்தணியிலும் பிறந்து, வீட்டில் முதல் பட்டதாரியாகி, இன்று இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. 2021-22 மத்திய அரசுக் கணக்கெடுப்பின்படி உயர்கல்வியில் சேருவோர் விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இடஒதுக்கீடும், முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், தனியார் கல்லூரி இடங்களும் சேர்ந்துதான் தமிழ்நாட்டை அங்கே கொண்டுவந்து நிறுத்தின.

ஆனால் எதைப் படிக்க வேண்டும் என்பதையும் சந்தையே சொல்லத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. பொறியியல் சேர்க்கைக்கான கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது 2018-ல். அதுவரை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு நேரில் வர வேண்டும். மஞ்சப்பையில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் வந்த களைப்போடு, திரையில் காலியிடம் ஒவ்வொன்றாகக் குறைவதை அப்பாக்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகளுக்குக் கணக்கு பிடிக்குமா, கட்டடம் பிடிக்குமா என்று கேட்க அங்கே நேரம் ஏது? இப்போது செல்போனில் நடக்கிறது. கம்ப்யூட்டர் பிரிவுகள் முதலில் தீர்ந்துபோவது மட்டும் மாறவில்லை. ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பையும் 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்வியை நெறிப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்திவிட்டது. பெயர் பெற்ற கல்லூரிகள் கம்ப்யூட்டர் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகின்றன. சந்தைக்குத் தெரிவது இன்றைய வேலை. பையன் வெளியே வருவது நாலு வருஷம் கழித்து. ஒய்டூகே அலையில் 1998-ல் சேர்ந்த பிள்ளைகள் 2002-ல் பட்டம் வாங்கி வந்தபோது டாட்காம் சரிந்து கிடந்தது. இந்த அரங்கில் அதை அனுபவித்தவர்கள் இருப்பீர்கள்.

ஆசிரியர் நிலைமை இன்னும் மோசம். ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்ததை 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. அரசு கலைக் கல்லூரிகளிலோ கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் துறைகள் ஓடுகின்றன. அவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-ல் சொன்னது. நம் ஊரில் கைக்குக் கிடைப்பது அதில் பாதி. முனைவர் பட்டம் பெற்று, நெட் தேறியவர்களின் நிலை இது. இதைச் சொல்லும்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

இனி நேராக உங்களைப் பற்றி. தனியார் தொழிற்கல்லூரிகளில் என்.ஆர்.ஐ. இடங்கள் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் இனாம்தார் வழக்கில் 2005-ல் தீர்ப்பளித்தது. அந்தப் பணம் ஏழை மாணவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. நடைமுறையில், மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மருத்துவ சீட்டு வாங்க வெளிநாட்டுச் சித்தப்பாவின் கையெழுத்து தேவைப்படும் இடமாக அது ஆகிவிட்டது. தூரத்துச் சொந்தங்களையும் இந்தக் கோட்டாவில் சேர்க்கப் பஞ்சாப் அரசு முயன்றபோது, இது மோசடி என்றே உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கண்டித்தது. சொந்தம் கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான். ஆனாலும் மறுங்கள். உங்கள் கையெழுத்தில் போகும் இடம், ராத்திரியெல்லாம் படித்த இன்னொரு பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டியது.

கடல் கடந்து சம்பாதித்த பணம் நம் மண்ணில் வேறு விதமாகவும் பேசியிருக்கிறது. மலேயாவில் ரப்பர் தொழில் நடத்திய அழகப்பச் செட்டியார், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அன்றைக்கு மின்வேதியியல் படித்தால் என்ன சம்பளம் என்று கேட்க யாரும் இல்லை. பேட்டரிக்காக உலகமே அலையும் இன்று அந்த ஆய்வகம் அங்கே இருக்கிறது. நீங்களும் சளைத்தவர்கள் இல்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக 60 லட்சம் டாலர் திரண்டதில் இதுபோன்ற சங்கங்களின் உழைப்பு இருக்கிறது.

அடுத்த முறை ஊரிலிருந்து போன் வந்தால், மேம்பாலத்தில் கல்லூரி வைத்திருக்கும் பேனரில் உள்ள அதிகபட்ச சம்பளத்தை நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வகுப்பில் நடுவில் நிற்கும் மாணவனுக்கு என்ன சம்பளம் கிடைத்தது, ஐந்து வருஷமாக அங்கேயே இருக்கும் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கல்லூரியிடம் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் படித்த அரசுக் கல்லூரியின் முதல்வருக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் துறையில் ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கேளுங்கள். பதில் வந்ததும் பத்துப் பேர் சேர்ந்து அந்த ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள்.